புழுவுக்கு வைத்த வட்டிலப்பம்

எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். போனதும் அவனுக்கு நடக்கும் உபசாரம் இருக்கிறதே, அதைத் தாங்கத் தனியாக ஒரு வயிறு வேண்டும், தனியாக ஒரு மண்டையும் வேண்டும். வயிறு எனக்கு இருந்தது. மண்டை விஷயத்தில்தான் பிசகிவிட்டது. மாதக்கணக்கில் முட்டை பொரித்து, கோழி அறுத்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த வட்டிலப்பம் வைத்து, ‘மாப்பிள்ளை என்ன சொல்கிறார்’ என்று ஒரு வீடே உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் சொல்வதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றிவிடும். எனக்கும் தோன்றியது.

அப்போது நான் கல்முனைப் பக்கம் ஒரு பாடசாலையில் விவசாயப் பாடம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (படிப்பித்தேன் என்றால், புத்தகத்தில் உள்ளதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விளங்காத பிள்ளைகளைக் கோபமாகப் பார்த்தேன்.) மண்வெட்டிக்கும் எனக்குமான உறவு, பாடசாலைத் தோட்டத்தில் அதைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டதோடு முடிந்துவிட்டது. மாமாவோ சாய்ந்தமருதில் குடியிருந்துகொண்டு, திருக்கோவிலுக்கும் அப்பால் விநாயகபுரத்து மணல் காணியில் வருடா வருடம் கச்சான், அதாவது நிலக்கடலை, போடுகிறவர். அவருக்கு நான் விவசாயம் சொல்லிக்கொடுத்தேன். அவரும் சோற்றைப் பிசைந்தபடி “ஓம் மருமகன், ஓம் மருமகன்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதைக்குக் கேட்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தப் போகத்துக் கச்சான் சாதாரணக் கச்சான் இல்லை. அது என் மனைவியின் தங்கை றினோஸாவின் கூரை. எங்கள் ஊரில் பெண்பிள்ளை ஒன்றுக்கு ஒரு வீடு என்பது கணக்கு. மூத்தவளுக்கான வீட்டில்தான் நான் கால் நீட்டிப் படுத்திருந்தேன். இளையவளின் வீடு அதே வளவில் சுவர் எழும்பி, மேலே வானம் தெரிய நின்றது. கச்சான் பிடுங்கியதும் ஓடு, ஓடு போட்டதும் நிக்காஹ் என்று மாப்பிள்ளை வீட்டாரோடு பேசி முடித்திருந்தார்கள். எந்த ஓடு என்றும் றினோஸாவே கல்முனையில் கடைகடையாக ஏறி இறங்கித் தெரிவு செய்துவிட்டாள். மாதிரிக்குக் கேட்டு வாங்கிய செங்கல் நிற ஓடு ஒன்று சமைக்கிற குசினியின் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீருக்கு முன்பே அந்த ஓட்டைத்தான் காட்டுவாள்.

இந்த நிலையில் கச்சானில் புழு விழுந்தது. அதுவும் எப்போது? இரசாயன மருந்து எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று நிறுத்திவைத்திருந்த காலத்தில். மருந்துக் கடைகளில் தட்டுகளைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள், துடைப்பதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. மாமா எங்கெங்கோ அலைந்து, யார் யாரையோ பிடித்து, எப்படியோ ஒரு போத்தல் மருந்து கொண்டுவந்துவிட்டார். அதை அவர் மேசையில் வைத்த விதத்தைப் பார்த்தால் ஹஜ்ஜுக்குப் போய் வந்து ஸம்ஸம் தண்ணீரை வைப்பதுபோல இருந்தது.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

சில நாட்களுக்கு முன் ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. பகல் சாப்பாடு பலமாக இருந்ததால் பின்னேரம் முழுக்கத் தூங்கிவிட்டேன். காலையில் விழித்திருந்தபோது கேட்ட ஒரே விஷயம் பூச்சி வைரஸ். புழுக்களுக்கென்றே ஒரு வைரஸ் இருக்கிறது. அது மனிதனை ஒன்றும் செய்யாது, மாட்டை ஒன்றும் செய்யாது, தேனீயைக்கூடத் திரும்பிப் பார்க்காது. தனக்கென்று உள்ள இனத்துப் புழுவை மட்டும் பிடிக்கும். இலையோடு சேர்த்து வைரஸைத் தின்ற புழு சில நாளில் வெளிறி, ஊதி, தீனியை வெறுத்து, செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் செத்துவிடும். பிறகு உடம்பு உடைந்து, உள்ளே உள்ளதெல்லாம் கீழ் இலைகளில் சிந்தும். அதைத் தின்கிற புழுவுக்கும் அதே கதிதான். செத்த புழுக்களைச் சேர்த்து, அரைத்து, வடித்து, தண்ணீரில் கலந்து அடித்தால் காணி முழுக்கப் பரவும். இதையெல்லாம் நானே கண்டுபிடித்ததுபோல மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

நான் சொன்னதில் ஒரு வரியும் பிழையில்லை என்பதை இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். (யாரும் கேட்பதில்லை.)

மறுநாளே காணிக்குப் போனேன். வரம்போரத்துச் செடி ஒன்றின் நுனியில் வெளிறிய புழு ஒன்று சொன்னபடி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காணி யோகராசா அண்ணன், பாம்பு என்று நினைத்துப் பொல்லோடு ஓடிவந்தார். தேடிப் பார்த்தால் அங்கொன்று இங்கொன்றாக நோய்ப் புழு கிடந்தது. மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அப்ப அதுகளுக்குக் கொரோனா குடுக்கப் போறிங்க.”

“அப்பிடித்தான் மாமா.”

“அதுகளுக்கும் ஊசி கீசி வந்திராதே மருமகன்?”

அவர் பகிடி விடுகிறார் என்று விளங்காமல் அதற்கும் நீண்ட விளக்கம் கொடுத்தேன். கடைசியில், இயற்கையே மருந்து தரும்போது இந்த விஷம் எதற்கு என்று கேட்டு, அந்த ஒரேயொரு போத்தலை யோகராசா அண்ணனுக்குக் கொடுக்கவைத்தேன். அவருடைய கச்சானிலும் அதே புழுதான். அவர் போத்தலையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “மெய்யாத்தான் தாறீங்களா காக்கா?” என்று மாமாவிடம் ஒரு தடவை கேட்டார். மாமா தலையை ஆட்டியதும், நாங்கள் மனம் மாறுவதற்குள் சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டார்.

திட்டம் இதுதான். பகலில் மாமாவும் கூலியாட்களும் புழுக்களைப் பொறுக்கி வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நோயாளிகளையும் சுகதேகிகளையும் ஒரே பேசினில் ஒன்றாகப் போட்டு, தின்ன ஆமணக்கு இலை கொடுத்து, எல்லாவற்றையும் நோயாளிகள் ஆக்க வேண்டும். செத்ததும் நான் அரைப்பேன். புழு வளர்க்கும் இடம் வீட்டின் பின்வளவு. அதாவது மாமியின் இராச்சியம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாமி என்னோடு நேரே கதைக்க மாட்டார். புது மாப்பிள்ளையோடு முகத்துக்கு முகம் கதைப்பது அவருக்கு வெட்கம், மரியாதைக் குறைவும்கூட. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று என் மனைவியிடம் சொல்வார். நான் பதில் சொல்ல வேண்டியதும் மனைவியிடம்தான். மூவரும் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும் தூரத்தில்தான் நிற்போம். நானும் பின்வளவுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை குசினிப் பக்கம் திரிந்தால் வீட்டில் சாப்பாடு காணாது என்று ஊர் சொல்லும்.

நோய்ப் புழுதான் முக்கியம், நோய்ப் புழுவைப் பத்திரமாக வையுங்கள் என்று மனைவி பர்ஸானாவிடம் சொன்னேன். அவள் உம்மாவிடம் சொன்னாள். மாமி திரைக்குப் பின்னால் நின்று தெளிவாகக் கேட்டார். எல்லாம் விளங்கியது என்றும் சொல்லியனுப்பினார். நான் நிம்மதியாகப் பாடசாலைக்குப் போனேன்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் றினோஸா ஒரு கண்ணாடிப் போத்தலில் சில புழுக்களைப் போட்டு என் பார்வைக்குக் கொண்டுவருவாள். அடடா, என்ன புழுக்கள்! கொழுகொழுவென்று, பளபளவென்று, ஒரு தூசி தும்பு கிடையாது. நான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்லா இரிக்கி எண்டு உம்மாட்டச் சொல்லுங்க” என்பேன். சாப்பாட்டைப் பற்றியும் இதே வார்த்தைகளைத்தான் சொல்வேன். வாயில் அது பழகிப்போயிருந்தது. நான் நல்லது என்று சொன்ன கறி மறுநாள் இரண்டு மடங்காக வரும். நான் நல்லது என்று சொன்ன புழுவும் மறுநாள் இன்னும் பருத்து வந்தது. நோய் வந்து சாக வேண்டிய ஒன்று ஏன் இப்படித் தளதளவென்று இருக்கிறது என்று ஒரு விவசாய ஆசிரியர் யோசித்திருக்க வேண்டும். நான் மாப்பிள்ளையாக மட்டும் இருந்தேன்.

அரைக்கும் நாள் வந்தது. கல்யாணத்துக்கு எங்களுக்கு வந்த அன்பளிப்புகளில் பாதி பிளெண்டர். அதில் ஒன்றை விஞ்ஞானத்துக்குத் தானம் செய்தேன். முன்வாசலுக்குக் கொண்டுவந்து வைத்த பேசினில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. இவை செத்திருக்க வேண்டுமே என்று எங்கோ ஒரு மூலையில் பொறி தட்டியது. நோய் உள்ளுக்குள் இருக்கும், வெளியே தெரியாது என்று அந்த மூலையையும் சமாதானப்படுத்தினேன். பிறகு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். (பர்ஸானா அந்த ஒரு கிழமை என் பக்கத்தில் படுக்கவில்லை.)

மருந்தடிப்பை ஒரு விழாவாகவே மாமா ஏற்பாடு செய்துவிட்டார். வெயில் பட்டால் வைரஸ் செத்துப்போகும் என்பதால் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நேரம் குறித்திருந்தேன். மாமாவின் விவசாயக் கூட்டாளிகள் மோட்டார் சைக்கிள்களில் வந்து வரம்பில் வரிசையாக நின்றார்கள். நான் அவர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். புழு விரும்பித் தின்ன வேண்டும் என்பதற்காகக் கரைசலில் சர்க்கரை கலந்தேன். வெயிலில் இருந்து வைரஸைக் காக்க உடுப்புக்குப் போடும் நீலம் கொஞ்சம் சேர்க்கலாம் என்று பட்டறையில் சொன்ன ஞாபகம் இருந்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொன்னபோது தூங்கியிருக்க வேண்டும். காணி நீலமாகிவிட்டது. மெஷினைத் தோளில் மாட்டியவரின் வெள்ளைச் சாரன் நீலமாகிவிட்டது. மறுநாள் நான் கரும்பலகையைத் தொட்ட இடமெல்லாம் நீலமாகிவிட்டது. சில நாள் பொறுங்கள், எல்லாப் புழுவும் உச்சியில் தொங்கும் என்று அவர்களிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

பொறுத்தார்கள். புழுக்கள் பொறுக்கவில்லை.

சொன்ன நாள் வந்து காணிக்குப் போனபோது தூரத்திலேயே விளங்கிவிட்டது. யோகராசா அண்ணனின் கச்சான் பச்சைப் பசேலென்று நின்றது. எங்களுடையதில் வாய்க்கால் பக்கத்துப் பாதி வெறும் காம்பாக நின்றது. மற்றப் பாதிக்குள் புழுக்கள் அப்போதுதான் புகுந்துகொண்டிருந்தன. நீல இலைகளை ஒரு தும்பு விடாமல் நக்கித் தின்றிருந்தன. செடிகளின் உச்சியில் ஒன்றும் தொங்கவில்லை. மாமா குந்திக்கொண்டு ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது ஆரோக்கியமாக ஊர்ந்து அவர் மணிக்கட்டில் ஏறியது.

“புழுவுக்கு வட்டிலப்பம் வெச்சிரிக்கிங்க மருமகன்” என்றார்.

கோபப்படவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஒரு அறை விட்டிருந்தால் இருவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். புழுவை மெதுவாகக் கீழே விட்டுவிட்டு எழும்பி, என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார். வீடு வரும்வரை நான் காற்றைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

செய்தி எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள், எங்கள் கரையில் கெட்ட செய்திக்கு பஸ் தேவையில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது குசினி ஜன்னல். அந்த ஓடு அங்கே இல்லை. றினோஸா எடுத்து எங்கோ வைத்துவிட்டாள். என்னைக் கண்டதும் வழக்கம்போலத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், சிரிக்கவும் பார்த்தாள். அவளுடைய மூக்கு சிவந்திருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நிசமாகவே யோசித்தேன்.

தேநீரைத் தொடாமல் எழும்பி, மாப்பிள்ளைச் சட்டங்கள் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு குசினியூடாகப் பின்வளவுக்குப் போனேன். மாமி அங்கே குந்தியிருந்து, அன்று காலை வந்த வாளிப் புழுக்களைச் சுளகில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். யாரும் நிறுத்தச் சொல்லாததால் அவர் நிறுத்தவில்லை. வெளிறியதை, சோர்ந்ததை, ஊதியதை எல்லாம் ஈர்க்கால் தள்ளி ஒரு சிரட்டையில் போட்டார். நல்லதை எடுத்து, நெத்தலி அலசுவதுபோலத் தண்ணீரில் அலசி, புது ஆமணக்கு இலைமேல் விட்டார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பினார். திரை இல்லை. பர்ஸானாவும் இல்லை.

“மாமி” என்றேன். “நோய் புடிச்சதத்தானே நான் கேட்ட?”

மாமி நிலத்தைப் பார்த்தார். பிறகு என் கல்யாணத்துக்கு மகர் எழுதிய நாளிலிருந்து முதல் தடவையாக என்னோடு நேரே கதைத்தார்.

“கேட்டிங்கதான் மகன். எனக்கு விளங்கினதான். ஆனா எங்கட மாப்பிளைக்கி நோய் புடிச்சதயும் நாத்தம் வந்ததயும் எப்பிடிக் குடுக்கிற? ஊரு என்ன சொல்லும்? ஒவ்வொண்டாப் பாத்து நல்லதாத்தான் தந்த. நீங்களும் நல்லா இரிக்கி எண்டுதானே சொல்லி அனுப்பினிங்க.”

உலகத்தில் எந்த விஞ்ஞானிக்கும் ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது. நான் காணி முழுக்க அடித்தது, தரம் பிரித்துக் கழுவிய சுகதேகிப் புழுவின் சாறும் சர்க்கரையும். சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் கவனித்துக்கொண்டேன்.

“அந்த நோய்ப் புழுவெல்லாம் எங்க மாமி?”

“அங்கால ஆமணக்கடியிலதான் கொட்டின. நாளும்தான்.”

கிணற்றடி மதிலோரம் நின்ற ஆமணக்கைத் திரும்பிப் பார்த்தேன். பேசினுக்குத் தீனியாக அதன் இலைகளைத்தான் ஒடித்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் ஒரு பக்கத்துக் கிளைகளில் மட்டும். மறுபக்கத்து உச்சிக் கிளைகளில், கல்யாண வீட்டில் சோடனை தொங்கவிட்டதுபோலப் புழுக்கள் தொங்கின. தலைகீழாக, வெளிறி, சொட்டுச் சொட்டாகச் சிந்திக்கொண்டு, இலைக்கு இலை, காம்புக்குக் காம்பு. மாமி வீசிய நோயாளிகள் தங்கள் இயல்புப்படி உச்சிக்கு ஏறித் தொங்கி, அந்த மரத்தில் இருந்த அதே இனத்து உள்ளூர்ப் புழுக்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தன. நான் பட்டறையில் பார்த்த படம் எதிலும் இத்தனை இல்லை. நான் கிணற்றடியில் நின்று சிரித்தேனா அழுதேனா என்பதில் இன்றுவரை வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது. என் சாட்சியம் எடுபடாது.

அன்று பின்னேரமே மரத்தில் தொங்கியது அத்தனையையும் அறுத்து, பிளெண்டருக்கு இரண்டாம் தடவை வேலை கொடுத்து, பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் முன் காணிக்குப் போனோம். இந்தத் தடவை சொற்பொழிவு இல்லை. கூட்டாளிகள் இல்லை. நீலத்தை மாமா என் கையில் கொடுக்கவே இல்லை. சில நாள் கழித்து மாமா காணியிலிருந்து டெலிபோனில் கோல் எடுத்தார். “தொங்குது மருமகன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் ஒன்று இறங்கியது.

ஆனால் பாதிக் கல்தான் இறங்கியது. மிஞ்சிய பாதிக் கச்சான் பிழைத்தது, வாய்க்கால் பக்கத்துப் பாதி போனது போனதுதான். பிடுங்கிய நாளில் யோகராசா அண்ணன் தன்னுடையதில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து, கல்யாணத்துக்கு என்று மாமாவின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். போகும்போது என் தோளில் தட்டி, “அடுத்த போகமும் ஏதும் பட்டறை வந்தா சொல்லுங்க தம்பி, நான் போத்தலோட நிக்கிறன்” என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், நிக்காஹைத் தள்ளிப்போடவில்லை. வீட்டின் முன்பாதிக்கு றினோஸா தெரிவு செய்த அதே செங்கல் நிற ஓடு போட்டார்கள். பின்பாதிக்குத் தகரம். தெருவிலிருந்து பார்த்தால் அழகான வீடு, பின்வளவிலிருந்து பார்த்தால் என் வேலை.

தகரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து மாரி மழை அதன்மேல் விழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்காது. ஒரே இரைச்சல், நிறுத்தமே கிடையாது, யாரும் ஒரு வார்த்தை இடையில் சொல்ல முடியாது. அதனால் முதல் மாரியிலேயே அந்தச் சத்தத்துக்கு வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள். மழை வந்ததும் றினோஸா மேலே பார்த்து, “மச்சான் விளங்கப்படுத்தத் தொடங்கிட்டார்” என்பாள். இப்போது அவளுடைய பிள்ளைகளும் சொல்கிறார்கள். மின்னல் வெட்டினால், பெரியப்பா கரும்பலகையில் எழுதுகிறாராம்.

மாமி இப்போது என்னோடு தாராளமாகக் கதைக்கிறார். தேவைக்கு அதிகமாகவே கதைக்கிறார். கறியில் உப்புக் குறைவு என்று நான் சொன்னால், “நோய் புடிச்ச மீனாப் பாத்து வாங்கட்டா மகன்?” என்று கேட்கிறார். திரை இருந்த காலம் நல்ல காலம்.

போன மாரிக்கு முன் எனக்குக் கொஞ்சம் வசதி வந்தது. பின்பாதிக்கும் ஓடு போட்டுத் தருகிறேன் என்று றினோஸாவிடம் சொன்னேன். மனதார, நெடுநாள் சுமந்த ஒன்றை இறக்கிவைக்கும் எண்ணத்தோடுதான் சொன்னேன். குடும்பம் முழுக்க அந்தப் பின்பாதியில்தான் கூடி உட்கார்ந்திருந்தது. அவள் யோசிக்கவே இல்லை.

“வேணாம் மச்சான். ஓடு எல்லார்ட ஊட்டுலயும் இரிக்கி. இப்பிடி ஒரு தகரம் ஆர்ட ஊட்டுல இரிக்கி?”

மாமா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். நானோ, தகரத்தின் சூடு எத்தகையது, ஓட்டின் குளிர்ச்சி எப்படி உண்டாகிறது என்பதை அவளுக்கு விளங்கப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது.